முப்பதாவது பெண்மீன்

குழாயின் மூடி மூடியபடியே இருந்தது. பூட்டுக்கம்பி அதன் துளையில் செருகியபடியே இருந்தது. குழாயை ஆறு அடித்துக்கொண்டு போகாமல் பிடித்திருந்த கயிறும் கரையோர வேரில் கட்டியபடியே இருந்தது. உள்ளே மீன் மட்டும் இல்லை.

ஆர்டிஸ் குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். நான்கடி நீளக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், ஆற்றுத் தண்ணீர் புகுந்து ஓட உடம்பெங்கும் துளைகள். எல்லாத் துளைகளிலிருந்தும் ஒழுகி அது கையில் லேசானது. மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவினாள். முப்பத்தோரு அங்குல மீன் ஒளிந்துகொள்ள அதற்குள் இடமில்லை என்று தெரிந்தும் துழாவினாள்.

"என்னம்மா, சாவியைத் தொலைச்ச மாதிரி தேடுற?" என்றார் மெர்ல். மீன் பண்ணை லாரியை மேலே சாலையில் நிறுத்திவிட்டு, மீனைத் தூக்கும் ஈரத்துணித் தொட்டிலோடு அவர் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். லாரித் தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் மழையையும் மீறிக் கேட்டது.

"மீன் இல்லைங்க."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லை. மூடி மூடியிருக்கு. மீன் இல்லை."

மெர்ல் வந்து பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், பண்ணையில் இருபது வருடமாக மீன் ஏற்றி இறக்குபவர். மூடியை ஆட்டினார், பூட்டுக்கம்பியை இழுத்தார், மறுபடி செருகினார். "மீன் தானா வெளியே வந்து, மரியாதையா மூடிட்டுப் போயிருக்கு. நல்ல வளர்ப்பு."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. பிளேக்லி ஆற்றில் பருவம் முடிய இன்னும் மூன்றே நாள். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறி வரும் ஸ்டீல்ஹெட் மீன்களில், பண்ணையில் பிறக்காத காட்டு மீன்களாகப் பார்த்து முப்பது பெண்மீன்களை உயிரோடு பிடித்துப் பண்ணைக்குக் கொடுக்க வேண்டும். அவற்றின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளை ஆற்றில் விட்டால்தான் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு மீனாவது வீட்டுக்கு எடுத்துப்போக முடியும். போன வருடம் இருபத்தாறு. அதற்கு முந்தின வருடம் இருபத்து நான்கு. இந்த வருடமும் முப்பது தேறாவிட்டால் ஏற்பாட்டையே நிறுத்திவிடுவதாக மீன்வளத் துறை எழுதிவிட்டது. ஊர்க்காரர்களின் பட்டியலைக் கவனிக்கும் பொறுப்பு இந்த வருடம்தான் முதன்முறையாக ஆர்டிஸுக்கு வந்திருந்தது. இருபத்தொன்பது சேர்ந்துவிட்டது. முப்பதாவது, நேற்று சாயங்காலம் அவள் கையாலேயே பிடித்து இந்தக் குழாயில் விட்ட மீன்.

மெர்ல் நேற்றே வந்திருக்கலாம். லாரி வேறு ஆற்றில் இருந்தது. காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்றார், சரியாக ஒன்பதுக்கு வந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆர்டிஸ் மர ஆலையில் கட்டை அளப்பவள். லாரியில் வரும் ஒவ்வொரு கட்டைக்கும் நீளம், விட்டம், உள்ளழுகல் பார்த்து எழுதுவது வேலை. எழுதியதைத் திரும்ப அளந்து பார்ப்பது அவள் சுபாவம். அதனால் உடன் வேலை செய்பவர்கள் அவளை 'ரெண்டு தடவை' என்று கூப்பிட்டார்கள். இப்போதும் அவள் முதலில் கயிற்றைப் பார்த்தாள், பிறகு இரண்டாவது தடவை பார்த்தாள். வேரைச் சுற்றியிருந்தது அவள் போட்ட முடிச்சு அல்ல. அவள் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிப்பாள். இது ஒரு முனையை இழுத்தால் சட்டென்று அவிழும் படகுக்காரன் முடிச்சு.

அப்புறம் மணலைப் பார்த்தாள். மழை படாத வேரின் அடியில், ஈரமாகச் சப்பித் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல்கள் ஏழெட்டு கிடந்தன.

"ராய்ஸ்" என்றாள்.

"ஆத்துல விதை தின்னாதவன் யாரு? நான்கூடத்தான் திங்கிறேன்" என்றார் மெர்ல்.

"நீங்க இப்பத்தானே வந்தீங்க."

ராய்ஸ் டம்கே இரண்டு முனையும் மேலே வளைந்த துடுப்புப் படகு வைத்திருந்தான். வெளியூரிலிருந்து வருபவர்களை ஏற்றிக்கொண்டு போய் மீன் காட்டுவது அவன் தொழில். முப்பத்தைந்து வயது. போன வருடம் வரை பட்டியலைக் கவனித்தவன் அவன்தான். படிவங்களை நேரத்துக்கு அனுப்பாமல் படகின் இருக்கைக்கு அடியில் நனைய விட்டுவிட்டான் என்பதால் பொறுப்பு கைமாறியது. "நல்லதாப் போச்சு, எனக்கும் பேனாவுக்கும் ஆகாது" என்று அன்று சிரித்தான். அந்தச் சிரிப்பை ஆர்டிஸ் இப்போது திரும்ப எடுத்து அளந்து பார்த்தாள். உள்ளழுகல் இருந்த மாதிரித் தோன்றியது.

இன்று காலை எட்டு மணிக்கு நடந்ததையும் அளந்து பார்த்தாள். ஃபெர்னின் உணவுக்கடையில் கரும்பலகையில் '29' என்பதை அழித்து '30' என்று எழுதி, ஃபெர்ன் கை தட்டினாள். யாரோ பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கி ஆர்டிஸ் முன்னால் வைத்தார்கள். அப்போதுதான் ராய்ஸ் உள்ளே வந்தான், தொடை வரை ஈரத்தோடு.

"பாத்தியாடா? உன்னால ரெண்டு வருஷமா முடியாததை இவ ஒரே வருஷத்துல முடிச்சுட்டா!" என்றாள் ஃபெர்ன்.

ராய்ஸ் பலகையைப் பார்த்தான், பலகாரத்தைப் பார்த்தான், ஆர்டிஸைப் பார்த்தான். "எங்க பிடிச்ச?"

"பள்ளிக்கூட மடுவுல."

"ம்" என்றான். நின்றபடியே பாதிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

எத்தனை அங்குலம் என்று அவன் கேட்கவில்லை. மீன் பிடித்தேன் என்று சொன்னால் எத்தனை அங்குலம் என்று கேட்காதவன் பிளேக்லியில் ஒருவன்கூடக் கிடையாது. பாதிரியார்கூடக் கேட்பார். ராய்ஸ் கேட்கவில்லை என்றால், அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

"அவன் பேரை அடிச்சுடுங்க" என்றாள் மெர்லிடம்.

அரசாங்கம் கொடுத்த அனுமதித் தாளில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் காட்டு மீனைக் கையால் தொட்டுக் குழாயில் விடலாம். மற்ற யார் தொட்டாலும் மீனை உடனே ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி மெர்லின் லாரியில் எப்போதும் இருக்கும்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

யோசிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். மெர்ல் லாரியில் ஏறி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஸ்டீயரிங்கின் மேல் தாளை வைத்து ஒரு கோடு போட்டார். "திங்கக்கிழமை ஆபீஸ்ல கொடுப்பேன். அதுக்குள்ள மனசு மாறினா போன் பண்ணு."

கடைக்குத் திரும்பிப் போனபோது ஃபெர்ன் கேட்டாள், ஆர்டிஸ் சொன்னாள். விதைத் தோல் கிடந்ததைச் சொன்னாள், பெயரைச் சொல்லவில்லை. "தாளில் பேர் இருந்த ஒருத்தர்" என்றுதான் சொன்னாள். தாளில் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் விதை தின்றுகொண்டு திரிபவன் யார் என்று ஃபெர்னுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டிப் பார்த்தாள். ஒருவேளை அவசரத்தில், மழையில், தானே வேறு முடிச்சுப் போட்டிருந்தால்? பத்துத் தடவை கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து, திறந்துகொண்டு ஐந்து. பத்துத் தடவையும் கை இரண்டு சுற்றுச் சுற்றித்தான் முடித்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட வேண்டிய விஷயமா இது என்றும் தோன்றியது.

ஏன் செய்திருப்பான்? வெளியூர்க்காரன் எவனாவது வெறுங்கையோடு திரும்பப் பிடிக்காமல், போட்டோவுக்கு ஒரு மீன் கேட்டிருக்கலாம். அல்லது வீட்டுக்கு மீன் எடுத்துப்போகும் பழக்கமே இந்த ஆற்றில் ஒழிந்தால், மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடும் பணக்காரர்கள் இன்னும் நிறைய வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது வெறும் வயிற்றெரிச்சல். மூன்றையும் நிறுத்துப் பார்த்தாள். மூன்றும் ராய்ஸுக்குப் பொருந்தவில்லை. ஆனால் தோல் கிடந்ததே, முடிச்சு இருந்ததே.

சனிக்கிழமை முழுக்கக் கரையிலிருந்தே பிடித்தாள். ஒரு ஆண்மீன். அப்புறம் முதுகின் சின்னத் துடுப்பு வெட்டப்பட்ட ஒரு பண்ணை மீன். பண்ணையிலிருந்து விடும்போதே அடையாளத்துக்காக அந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள், பட்டியலுக்கு அது உதவாது. தண்ணீர் ஏறியிருந்தது. நல்ல இடங்களுக்குப் படகில்லாமல் போக முடியாது.

இருட்டுவதற்குள் ராய்ஸ் போன் செய்தான். "நாளைக்கு வர வேண்டிய ஆளுங்க வரலை. படகு சும்மாதான் கிடக்கு. இறங்கலாமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? பாட்டுப் பாட. மீன் பிடிக்கத்தான், தாயே."

திருடியவன் எதற்காகத் தேட வருகிறான்? தன்மேல் சந்தேகம் வராமலிருக்கவா? அல்லது கடைசி நாளில் அவளை மீனே இல்லாத மடுக்களாகப் பார்த்து அழைத்துப்போய்ப் பொழுதைக் கழிக்கவா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்து, "சரி" என்றாள். தாளில் அவன் பெயர் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. நான் பிடித்து நானே குழாயில் விட்டால் போதும், அவன் துடுப்பை மட்டும் போடட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பாலத்தடியில் படகை இறக்கினார்கள். ராய்ஸ் நடுவில் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். அவள் முன்பக்கம் உட்கார்ந்து தூண்டில் மிதவையை எறிந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் விதை கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடி, சப்பு, துப்பு.

"வெள்ளிக்கிழமை காலையில எங்கேர்ந்து இறங்கின?" என்றாள், திரும்பாமல்.

"ஏன், போலீஸ் வேலைக்குச் சேந்துட்டியா?"

"சும்மா கேட்டேன்."

"பாலத்துலேர்ந்துதான். பல்லு டாக்டர் ஒருத்தரும் அவரு மச்சானும். ஒரு மணி நேரத்துல ரெண்டு பேரும் குளிருதுன்னு கரையேறிட்டாங்க. கையெல்லாம் நடுங்குது, தூண்டில் ரீலைப் பிடிக்கத் தெரியலை. அந்தக் கைகிட்டயா போய் பல்லைக் காட்டுறதுன்னு நினைச்சேன்."

"பள்ளிக்கூட மடு வழியாவா வந்தீங்க?"

"ஆறு வேற வழியா ஓடலையே, ஆர்டி."

அவள் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். துடுப்புகள் தண்ணீரில் சும்மா கிடந்தன. படகு தானாகப் பக்கவாட்டில் திரும்பியது.

"ஆர்டி, அந்த மீனு இருக்கே..."

"எந்த மீனு?" என்று வெடுக்கென்று திரும்பினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதையோ கண்டுகொண்டவன் போலப் பார்வையை விலக்கி, துடுப்பை எடுத்தான். "ஒண்ணுமில்லை. மிதவையைப் பாரு."

சொல்ல வந்தான், பயந்துவிட்டான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். எந்தத் தப்பும் செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் அவன் நிறுத்திய இடங்களில் அவளால் குறை காண முடியவில்லை. ஒவ்வொரு மடுவிலும் நங்கூரம் போட்டு, அவள் தூண்டில் கம்பு எட்டும் தூரத்துக்குச் சரியாகப் படகைப் பிடித்தான். ஒரு இடத்தையும் தாண்டவில்லை. அதுவும்கூட அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு, இரட்டைப் பாறைக்குக் கீழே தண்ணீர் மெலிந்து வழியும் இடத்தில் மிதவை அமிழ்ந்தது. பாறையில் மாட்டியது மாதிரி கனமாக, அசையாமல் அமிழ்ந்தது. அவள் கம்பைத் தூக்கியதும் அந்தப் பாறை ஆற்றின் குறுக்கே ஓடியது.

"விடு, விடு, ஓடட்டும்!" ராய்ஸ் நங்கூரத்தை இழுத்துவிட்டுப் படகை அதன் பின்னாலேயே செலுத்தினான். "இழுக்காதே! கட்டையை இழுக்கிற மாதிரி இழுக்காதே, பொம்பளை!"

"நான் இழுக்கலை, அதுதான் இழுக்குது!"

"அப்ப அதுகிட்ட சொல்லு!"

சரளைக் கரையில் படகை முட்டவிட்டு அவன் தண்ணீரில் குதித்தான். நான்கு முறை மீன் கரைக்கு வந்து, நான்கு முறையும் மறுபடி நடு ஆற்றுக்குப் போனது. ஐந்தாவது முறை அவன் கைவலையை அடியில் கொடுத்தான். வலைக்குள் தண்ணீர் கொப்பளித்தது. முதுகின் பின்பக்கம் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது. காட்டு மீன். குட்டையான மூக்கு, பெண்.

"குழாய்!" என்றான் ராய்ஸ்.

அவள் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, தலை முதலில் போகும்படி மீனை நடத்தினாள். தலை போனது. செவுள் போனது. வயிறு வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. அவள் ஒரு கையால் மீனையும் இன்னொரு கையால் மூடியையும் பிடித்திருந்தாள். ஒரு கையால் அந்த எடையைத் தண்ணீருக்குள்கூட நிமிர்த்த முடியவில்லை. மூடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றுக்கு அடியில் தாங்கினாள். அப்போதும் போகவில்லை.

"இரு, இரு, நசுக்கிடாதே, முட்டை." ராய்ஸ் மறுபக்கம் மண்டியிட்டு, வால் கணுவைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான். நான்கு கைகள் சேர்ந்து தள்ளியதும்தான் மீன் அங்குலம் அங்குலமாக உள்ளே போனது. அவன் மூடியைப் போட்டுக் கம்பியைச் செருகினான்.

ஆர்டிஸ் தண்ணீரில் மண்டியிட்டபடியே இருந்தாள். கைகள் இன்னும் அந்தக் கனத்தின் வடிவத்தில் விரிந்திருந்தன.

இந்த மீனும் முப்பதோ முப்பத்தொன்றோ அங்குலம்தான் இருக்கும். வியாழக்கிழமை மீன் முப்பத்தொன்று. அவளே அளந்தாள், இரண்டு தடவை அளந்தாள். ஆனால் அதை ஒரே கையால் குழாயில் விட்டாள். இடது கையில் மூடி இருந்தது. மீன் உறைக்குள் கத்தி போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு சமர்த்தான மீன் என்று அப்போது நினைத்தாள். மழை, மங்கல் வெளிச்சம், கம்பளிக் கையுறை போட்ட கையில் வால். வாலின் கீழ்விளிம்பு எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. உடம்பு வெள்ளிபோல மின்னியது, அவ்வளவுதான் பார்த்தாள். முட்டையெல்லாம் சரளையில் போட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் இறங்குமீனும் மார்ச் கடைசியில் அப்படித்தான் மின்னும். நீளம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. புதிதாக வரும் ஆட்கள் அதைப் பிடித்துவிட்டுத் துள்ளுவார்கள், கரையில் நிற்பவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆர்டிஸும் சிரித்திருக்கிறாள்.

"நான் ஒரு கையால போட்டேன்" என்றாள்.

ராய்ஸ் எதை என்று கேட்கவில்லை. கைவலையை உதறிக்கொண்டிருந்தான்.

"இறங்குமீனா அது?"

"வாலு அடியில வெள்ளையாத் தேஞ்சு போயிருந்துச்சு" என்றான் வலையைப் பார்த்தபடி. "வயிறு சப்பையாக் கிடந்துச்சு. குழாயில இன்னும் ரெண்டு மணி நேரம் கிடந்தா செத்திருக்கும். அவங்களை வண்டியில ஏத்தி விட்டுட்டுத் திரும்பி வந்து, திறந்து விட்டுட்டேன். குழாயில உன் பேரு ஒட்டியிருந்துச்சா, நேராக் கடைக்கு வந்தேன் உன்கிட்ட சொல்ல."

"சொல்லலையே."

"பலகையில முப்பதுன்னு எழுதிட்டாங்க. உன் வாய் நிறைய பலகாரம். எல்லாரும் முதுகுல தட்டிட்டு இருந்தாங்க. அந்த இடத்துல வந்து, ஆர்டி, நீ பிடிச்சது காலி மீனுன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் சொல்ல வந்தேன், நீ பாத்த பார்வையில நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவள் எழுந்து நின்றாள். நம்பினாள். வேறு வழியில்லாமல் நம்பினாள். அவன் வாய் வேண்டுமானால் பொய் சொல்லலாம், அவள் கை சொல்லாது. அந்த மீனின் எடை இன்னும் வலது கையில் இருந்தது. இல்லாமல் போயிருந்தது என்பதுதான் சரி.

குழாயைப் படகின் ஓரத்தில், தண்ணீரில் அமிழும்படிக் கட்டினார்கள். ராய்ஸ் முடிச்சுப் போட்டான். ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சு. கரையேறும் துறைக்கு இன்னும் மூன்று மைல். அவள் மெர்லுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, ராய்ஸ் பக்கத்திலேயே இருந்தான். அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு அதற்கடுத்த வளைவில். அவன் சீழ்க்கையடித்தபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். துறை வந்துவிட்டது.

மெர்ல் தாளை அட்டையில் மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார். குழாயின் ஒரு முனையை ராய்ஸும் மறுமுனையை ஆர்டிஸும் பிடித்துத் தண்ணீரோடு நடத்திக்கொண்டு வந்தார்கள். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"அடேயப்பா. இது மீனு." பேனாவைத் திறந்தார். "மணி பதினொன்றரை, இரட்டைப் பாறை. கை வெச்சது யாரு யாரு?"

கேட்டுவிட்டு அவர் ராய்ஸின் கையைப் பார்த்தார். பிறகு ஆர்டிஸைப் பார்த்தார். பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

நான் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை போதும். மெர்ல் எழுதிக்கொள்வார். மீன் லாரியில் ஏறிவிடும், முப்பது ஆகிவிடும். தன் பெயர் அடிக்கப்பட்டதே ராய்ஸுக்குத் திங்கட்கிழமை வரை தெரியாது. திங்கட்கிழமைக்குள் மெர்லிடம் தனியாகப் பேசிச் சரிசெய்துவிடலாம். இவ்வளவும் அவளுக்கு ஒரே மூச்சில் தோன்றியது. சுலபமாக, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித் தோன்றியது. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

"நானும் ராய்ஸும்" என்றாள்.

"அப்ப இதை ஆத்துல விடணும், அம்மா."

"ஏன்?" என்றான் ராய்ஸ்.

மெர்ல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது பெயர்களில் நான்காவதன் மேல் நீலக் கோடு. ராய்ஸ் குனிந்து வாசித்தான். வாசிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை" என்றாள் ஆர்டிஸ். "நான்தான் அடிக்கச் சொன்னேன். நீ திருடிட்டேன்னு நினைச்சேன்."

"வெள்ளிக்கிழமையே அடிச்சுட்டு, இன்னைக்குக் காலையிலேர்ந்து என் படகுல உக்காந்து வந்தியா?"

"ஆமா."

அவன் குழாயின் முனையைக் கீழே போட்டுவிடவில்லை.

"மெர்ல், அந்தக் கோடு என் தப்பு" என்றாள். "வெள்ளிக்கிழமை மீன் திருட்டுப் போகலை. அது இறங்குமீன். பாக்காம பிடிச்சு வெச்சது நான். அவன் விட்டது சரிதான். கோட்டை எடுத்துடுங்க."

"பேனாக் கோட்டை எப்படி எடுக்கிறது? காரணம் எழுதணும், எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா ஆபீஸ்ல வாசிப்பாங்க. பட்டியலைப் பாக்கிறவளுக்கே காலி மீனுக்கும் முட்டை மீனுக்கும் வித்தியாசம் தெரியலைன்னு வாசிப்பாங்க. அடுத்த வருஷம் உன்கிட்ட கொடுக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

"பேனாவைக் கொடுங்க."

மழையில் தாள் நனையாமல் மெர்ல் தன் தொப்பியை அதன்மேல் பிடித்துக்கொண்டார். அவள் எழுதினாள்: 'மார்ச் 28 அன்று நான் பிடித்தது முட்டையிட்டு முடித்த மீன். தவறு என்னுடையது. ராய்ஸ் டம்கே அதை விடுவித்தது சரி. அவர் பெயரை அடித்ததும் என் தவறு.' ஒரு முறை வாசித்தாள். இரண்டாவது முறை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மெர்ல் மீனைத் தொட்டிலில் சுற்றி லாரித் தொட்டியில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றித் தரையோடு ஒட்டி நின்றது. லாரி போய்விட்டது.

அவள் கார் மேலே பாலத்தடியில் இருந்தது. பதினோரு மைல், ஆள் வைத்துத் துறைக்கு ஓட்டிவரச் செய்திருந்த ராய்ஸின் பிக்கப் வண்டியில்தான் போயாக வேண்டும். பின்னால் படகு குலுங்கியது. இருவருக்கும் நடுவில் விதைப் பை கிடந்தது. அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"ஃபெர்ன்கிட்டயும் சொல்லியிருக்க" என்றான், பாதி வழியில். "நேத்து எனக்குக் காப்பி கொடுத்துட்டு, கரண்டியை எண்ணினா. தமாஷுக்குன்னு நினைச்சேன்."

"நாளைக்குக் காலையில போய்ச் சொல்றேன். எல்லாரும் இருக்கும்போது."

"நான் வர மாட்டேன்."

"நீ வர வேண்டாம்."

பள்ளிக்கூட மடு வந்தது, போனது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மீன் இந்நேரம் கடல் உப்புக்குப் பக்கத்தில் போயிருக்கும், அல்லது எங்காவது செத்து ஒதுங்கியிருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பாலத்தடியில் வண்டியை நிறுத்தினான். அவள் கதவைத் திறந்துவிட்டு இறங்காமல் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் நேரா உன்கிட்ட வந்து கேட்டிருந்தா, சொல்லியிருப்பியா?"

ராய்ஸ் விதைப் பையை எடுத்து, ஒன்றைக் கடித்து, தோலை ஜன்னல் வழியாகத் துப்பினான். உண்மையாகவே யோசித்தான்.

"தெரியலை" என்றான். "நான் பாக்கவே இல்லைன்னு பொய் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்."

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். அது சரியாக மூடவில்லை. திறந்து, இரண்டாவது தடவை சாத்தினாள்.